நாலு வீசை முப்பத்தஞ்சு: ரங்கூன் மளிகைக் கடையில உக்காந்து பைத்தான் கத்துக்கிட்ட பதிவு

முதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டர் படிச்சவ கிடையாது. பத்தாவது முடிச்ச கையோட கடைக்கு வந்தவ. மாமா கடை, ரங்கூன்ல காளியம்மன் கோயில்ல இருந்து நடக்குற தூரம், பருப்பு, அரிசி, புளி, மிளகா, கருவாடுன்னு எல்லா வாசமும் ஒண்ணா கலந்து அடிக்கும். மாமா கல்லாவுல, நான் கணக்கு நோட்டுல. சாயங்காலம் கூட்டம் வர்றப்ப ஒரு கையில கால்குலேட்டர், ஒரு கையில பேனா, நடுவுல கரண்ட் போகும், டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு எழுதினதெல்லாம் உண்டு. அப்படி ஒரு நாள் ராத்திரி கணக்கு ஒத்துப்போகாம பத்தரை மணி வரைக்கும் உக்காந்திருந்தப்பதான் இத போனே கூட்டிச் சொல்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிட்டா என்னன்னு தோணுச்சு. அவ்வளவுதான் ஆரம்பம். வேலைக்குப் போகணும் வெளிநாடு போகணும்னெல்லாம் ஒண்ணும் இல்ல.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம் சொல்லணும், இல்லேன்னா இனிமே எழுதறது எதுவும் புரியாது. இங்க பருப்புக் கடையில கிலோ பேச்சே கம்மி, வீசைதான். 1 வீசைக்கு 100 ஜத்தா. வீசைக்கு பர்மாக்காரங்க பேத்தாம்பாங்க. கிலோவுல சொன்னா சுமார் 1.633. இங்கிலீஷ்ல விஸ்னு எழுதறாங்களே அது நம்ம தமிழ் வீசையில இருந்து போன வார்த்தைதான், ஆனா எடை ஒண்ணு இல்ல, தமிழ்நாட்டுப் பழைய வீசை 40 பலம், ஒண்ணே கால் கிலோவுக்கு மேல, ஒண்ணரைக்குக் கீழ. அரிசி மூட்டையில 108 பவுண்டுன்னு போட்டிருக்குமே, அது சரியா 30 வீசை. அந்த அரிசியவே பிரிச்சு சில்லறையில வித்தா வீசையும் கிடையாது, பியின்னு படிக்கணக்கு, 8 பால் டின் ஒரு பியி, 16 பியி ஒரு கூடை. சாதா கால்குலேட்டர் ஏன் எனக்குப் பத்தலன்னு இப்ப தெரியும்.

கம்ப்யூட்டர் இல்ல, போன்தான். யாரோ ஒரு வீடியோவுல பைட்ராய்டு 3ன்னு ஒரு ஆப் காட்டினாங்க, ஆண்ட்ராய்டுல பைத்தான்ங்கற புரோகிராம் மொழியில எழுதி ஓட்டலாம், ஒரு தடவ இறக்கிட்டா நெட் வேணாம். எனக்கு அதுதான் வேணும், ஏன்னா எங்க தெருவுல கரண்ட் முறை வச்சுத்தான் வருது, கரண்ட் போனா கொஞ்ச நேரத்துல நெட்டும் இழுவைதான். பைத்தான எடுத்ததுக்கு வேற பெரிய காரணம் எதுவும் இல்ல. எழுத்து கம்மியா இருக்கு, கட்டை விரல்ல அடிக்கிறதுக்கு அது ஒண்ணே போதும். சில பேர் ஜாவா கத்துக்க சொன்னாங்க, போன்ல அத்தன பிரேஸ் (சுருள் அடைப்புக்குறி) போட்டா விரல் தேஞ்சிடும்.

முதல் நாள் ஓடவே இல்ல. எல்லாரும் எழுதற அந்த வணக்கம் சொல்ற ஒரு வரிதான். நான் என்ன பண்ணேன்னா, புதுசா இருக்கேன்னு நோட்ஸ் ஆப்ல நிதானமா அடிச்சு காப்பி பண்ணி ஒட்டினேன். நோட்ஸ் கீபோர்டு வரியோட முதல் எழுத்த தானா பெரிய எழுத்தாக்கிடுச்சு, திரையில காட்டச் சொல்ற பிரிண்ட்ங்கறதுல முதல் பி பெரிய பி ஆயிடுச்சு, பைத்தானுக்கு பெரிய பி வேற சின்ன பி வேற. அது போதாதுன்னு மேற்கோள் குறிய வேற வளைச்சு அழகா போட்டு வச்சிருக்கு. சிண்டாக்ஸ் எரர்னு சிவப்பா வருது, நான் அந்த வரிய நாப்பது தடவ பாத்திருப்பேன், எழுத்து எழுத்தா சரியா இருக்கு, என்ன தப்புன்னே தெரியல. கடைசியில எரர்லயே இந்த எழுத்து செல்லாதுன்னு ஒரு மேற்கோள் குறிய எடுத்துக் காட்டிட்டு இருக்கு, நான்தான் சிவப்பப் பாத்ததும் படிக்காம விட்டுட்டேன். குறிய மாத்தி ஓட்டினா அடுத்தது நேம் எரர், அது பெரிய பிக்கு. புதுசா ஆரம்பிக்கிறவங்க போன்ல பண்ணா கோடு (புரோகிராம்) எழுதற ஆப்புக்குள்ளேயே அடிங்க, வேற எங்கயும் அடிச்சு ஒட்டாதீங்க. எரரோட கடைசி வரிய முதல்ல படிங்க, மேல இருக்கறது பெரும்பாலும் எந்த வழியா வந்துச்சுங்கற விவரம்தான்.

ரெண்டாவது வேலை, ரெண்டு சாமான் விலைய வாங்கி கூட்டிச் சொல்றது. இன்புட்னு ஒண்ணு இருக்கு, அது கேக்கும், நாம அடிப்போம். மாமாவக் கூப்பிட்டு பெருமையா காட்டினேன். ஒரு சாமான் 1500, இன்னொண்ணு 2000. மொத்தம் எவ்வளவுன்னு வந்துச்சு தெரியுமா, 15002000. மாமா கண்ணாடிய எறக்கிப் பாத்துட்டு "என்ன பாப்பா, நூத்தம்பது லட்சத்துக்கு நிலக்கடலையா வித்தோம்"னாரு. (இங்க கோடின்னு பேசறது கம்மி, எவ்வளவு பெரிய தொகையா இருந்தாலும் லட்சத்துலயே சொல்லிடுவோம்.) இன்புட் என்ன வாங்கினாலும் அத எழுத்தாத்தான் வச்சுக்கும், எண்ணா இல்ல. ரெண்டு எழுத்துக்கு நடுவுல + போட்டா ஒட்டிடும். இண்ட்னு சொல்லி எண்ணா மாத்தினாத்தான் கூட்டும். இத யாரு சொல்லிக் கொடுத்தாலும் மறந்துடும், நூத்தம்பது லட்சம் மட்டும் மறக்கல.

இப்ப வீசைக்கு வரேன், நான் மாட்டிக்கிட்ட இடம் இதுதான்.

வீசைய புள்ளி வச்சு எழுதினா என்னன்னு நினைச்சேன். 4 வீசை 35 ஜத்தான்னா 4.35. நூறால பெருக்கினா மொத்த ஜத்தா. எவ்வளவு லேசு. உளுந்து வீசை 8000 கியாட்னு (பர்மா காசு) வச்சுக்குவோம். கணக்கு ஓடுச்சு, 34,720 காட்டுச்சு. அன்னைக்கு வந்த அம்மா கையில காச வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, மாமா போனப் பாக்கவே இல்ல, "34,800"ன்னு வாய்லயே சொல்லிட்டாரு. எனக்குக் கோவம். நான் எட்டு நாள் உக்காந்து எழுதினது.

அவங்க போனதும் எப்படி சொன்னீங்கன்னு கேட்டேன். "நாலு வீசை முப்பத்திரண்டாயிரம். முப்பத்தஞ்சுல கால் வீசைய எடு, ரெண்டாயிரம். மிச்சம் பத்து ஜத்தா, எண்ணூறு. இதுல என்ன இருக்கு"ன்னாரு. அவருக்கு 35ங்கறது முப்பத்தஞ்சா தெரியறதே இல்ல, கால் வீசையும் பத்தும்னுதான் தெரியும். சின்ன வயசுல திண்ணையில உக்காந்து காலரைக்கால் வாய்ப்பாடு சொன்ன ஆளு.

சரி, 80 கியாட் எங்க போச்சு? நடுவுல நடுவுல பிரிண்ட் போட்டுப் பாத்தேன், இதுதான் நான் கத்துக்கிட்ட முதல் உருப்படியான வித்தை, எங்க தப்புன்னு தெரியலேன்னா ஒவ்வொரு படியிலயும் என்ன இருக்குன்னு அச்சடிச்சுப் பாக்கறது. 4.35ஐ நூறால பெருக்கினா 435 வரல, 434.99999999999994ன்னு வருது. இண்ட் போட்டதும் புள்ளிக்கு அப்புறம் இருக்கறத வெட்டி எறிஞ்சுட்டு 434 ஆக்கிடுச்சு. ஒரு ஜத்தா காணாம போச்சு, 80 கியாட். போன் கெட்டுப் போச்சுன்னே முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, மெஷின் உள்ள எல்லாத்தையும் ரெண்டின் அடுக்காத்தான் வச்சுக்குது, அரை, கால், அரைக்கால், மாகாணி இதெல்லாம் அதுக்கு சுத்தமா வரும், பத்துல ஒண்ணு சுத்தமா வராது, முடியாம நீண்டுக்கிட்டே போகும், அத ஒரு இடத்துல வெட்டித்தான் வைக்கும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லுங்க, 0.30000000000000004 வரும், பைத்தான் மட்டுமில்ல, பல மொழியிலயும் இதே கதிதான். யோசிச்சுப் பாத்தா மெஷினும் மாமாவும் ஒரே ஜாதி, ரெண்டு பேரும் கால் அரையிலதான் யோசிக்கிறாங்க. நடுவுல புள்ளிய கொண்டுவந்து நுழைச்சது நான்தான்.

புள்ளிய தூக்கி எறிஞ்சேன். எல்லாத்தையும் ஜத்தாவாவே வச்சுக்க வேண்டியது, கடைசியில காட்டுறப்ப மட்டும் வீசையா பிரிச்சா போதும். பைத்தான்ல பேரு தமிழ்லயே வைக்கலாம், பைத்தான் 3 தமிழ் எழுத்த ஏத்துக்கும், அதனால என் வரி ரெண்டும் இப்படித்தான் இருக்கு:

மொத்தம் = வீசை * 100 + ஜத்தா

தொகை = மொத்தம் * விலை // 100

அந்த // ரெட்டைக் கோடு வகுத்துட்டு முழு எண்ண மட்டும் குடுக்கும். மீதி வேணும்னா % குறி. 435 // 100 போட்டா 4, 435 % 100 போட்டா 35. நாலாங் கிளாஸ்ல ஈவு மீதின்னு படிச்சோமே அதேதான், அன்னைக்கு எதுக்குடா இதுன்னு இருந்துச்சு. இப்ப 34,800 வருது.

புள்ளிய எடுத்ததுல இன்னொரு தப்பும் சேந்து போச்சு, அது அதவிட மோசம். நாலு வீசை அஞ்சு ஜத்தாவ நான் இல்லாத நேரம் கடைப் பையன் 4.5ன்னு அடிச்சிருக்கான். அது நாலரை வீசை. 45 ஜத்தா கூட. கோடுல தப்பே இல்ல, எரரும் வராது, கணக்கு மட்டும் தப்பு, சிவப்பா எதுவும் வராத தப்புதான் ரொம்ப பயம். இப்ப வீசை ஒரு எண், நடுவுல இடம் விட்டு ஜத்தா ஒரு எண், 4 5ன்னு அடிச்சா ஸ்பிளிட் அத ரெண்டா பிரிச்சுக்கும். ஜத்தா 99க்கு மேல போனா திரும்பக் கேக்கும், 'இப்படி இருந்தா இதப் பண்ணு'ங்கற இஃப் கத்துக்கிட்டது இதுக்குத்தான்.

தமிழ்ல பேரு வைக்கிறதப் பத்தி சொன்னேன்ல, முழுசா தமிழ்லயே எழுதற மொழியும் இருக்கு. எழில்னு பேரு, முத்து அண்ணாமலை உருவாக்கினது, அதுல பதிப்பின்னு எழுதினா அச்சடிக்கும், ஆனால் (அதுதான் இஃப்), இல்லை, முடின்னு தமிழ்லயே கட்டளை. ஒரு சாயங்காலம் தங்கச்சிய பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த கோடெல்லாம் படிச்சுப் பாத்தோம், கோயில் தமிழ் வகுப்புல படிக்கிற புள்ள அது, பைத்தானக் கண்டா ஓடும், இத வாய் விட்டு படிச்சிட்டு அப்போ ஆனால்னா சந்தேகமான்னு கேட்டா. நல்ல கேள்வி. நான் பைத்தான்லயே நின்னுட்டேன், மாட்டிக்கிட்டா தேடுறதுக்கு அதுலதான் நிறைய கிடைக்குது. ஆனா முதல் தடவ இஃப் புரியாம தவிக்கிற ஆளுக்கு எழில் ஒரு நாள் பாக்கறது நல்லதுதான்னு சொல்லுவேன்.

சில்லறை. இங்க 50 கியாட் நோட்டுக்குக் கீழ கடையில யாரும் எண்ணி வாங்கறதில்ல, அதுக்கே முட்டாயி குடுக்கற ஆளுங்க இருக்காங்க. அதனால தொகைய 50க்கு சரி பண்ணணும். ரவுண்டுன்னு ஒண்ணு பைத்தான்ல இருக்கேன்னு அத போட்டேன், 50ஆல வகுத்து ரவுண்டு பண்ணி திரும்ப பெருக்குறது. 34,825 குடுத்தா 34,800 வருது. 34,875 குடுத்தா 34,900. ஒண்ணு கீழ போகுது ஒண்ணு மேல போகுது, ரெண்டும் சரிபாதியிலதான் நிக்கிற எண்ணு! பைத்தானோட ரவுண்டு பாதியில நிக்கிறத பக்கத்துல இருக்கற இரட்டைப்படைக்குத் தள்ளும், 2.5 போட்டா 2, 3.5 போட்டா 4. நிறைய எண்ணக் கூட்டறப்ப ஒரே பக்கம் சாயக் கூடாதுங்கறதுக்காக அப்படியாம். ஞாயம்தான், ஆனா கடைக்கு ஆகாது, ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு ரெண்டு மாதிரி பண்ணா தெருவே பேசும். மாமாவக் கேட்டேன், "எப்பவும் கீழ இறக்கும்மா, அவங்க திரும்ப வரணும்ல"ன்னாரு. தொகை // 50 * 50. ரவுண்ட அடிச்சிட்டேன்.

இதுக்கப்புறம் ஒரு நாலு நாள் நல்லா ஓடுச்சு, ஆனா ஆப்ப மூடினா எல்லாம் போயிடும், அன்னைக்கு வித்தது மறுநாள் இருக்காது. ஃபைல்ல எழுதணும். ஓப்பன்னு எழுதி, ஃபைல் பேரு, பக்கத்துல ஒரு எழுத்து. எழுதறதுக்கு டபிள்யூன்னு பாத்தேன், போட்டேன். ஒவ்வொரு விற்பனைக்கும் ஃபைல திறந்து எழுதி மூடிடும். திங்க, செவ்வா, புதன், மூணு நாள் வியாபாரம், புதன் ராத்திரி திறந்து பாத்தா ஒரே ஒரு வரி, கடைசியா வித்த அரை வீசை புளி. டபிள்யூன்னா இருக்கறத தொடச்சுட்டு புதுசா எழுதும், 'ஏ'ங்கற எழுத்த (a) போட்டாத்தான் அடியில சேக்கும். நான் அழவே ஆரம்பிச்சிட்டேன். மாமா ஒண்ணும் சொல்லல, கணக்கு நோட்ட எடுத்து முன்னாடி வச்சாரு. நான் போன்ல போட்ட நாள்லயும் அவரு பேசாம நோட்டுல எழுதிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு, புளி வரைக்கும். அத வச்சு உக்காந்து திரும்ப அடிச்சேன். இப்ப அந்த 'ஏ'தான், அது போதாதுன்னு ராத்திரி கடை அடைக்கிறப்ப அந்த ஃபைல தேதி போட்டு இன்னொரு பேர்ல காப்பி எடுத்து எனக்கே வைபர்ல அனுப்பிக்கறேன்.

வைபர்னதும் ஞாபகம் வருது, பர்மா எண்ணு. இது எனக்கு ரொம்ப புடிச்ச தப்பு.

மொத்த வியாபாரி ஒருத்தர் தினம் காலையில விலைப் பட்டியல் வைபர்ல அனுப்புவாரு, பாயின்னவுங் சந்தை விலை. மாப்பேன்னா உளுந்து, பெடிசெய்ன்னா பச்சைப்பயறு, பெசிங்கொன்னா துவரை, எல்லாம் பர்மா எழுத்து, பர்மா எண்ணு. அத நான் ஒவ்வொண்ணா பாத்து அடிச்சுக்கிட்டு இருந்தேன். பர்மா எண்ண அப்படியே இண்ட்ல போட்டா என்ன ஆகும்னு சும்மா போட்டுப் பாத்தேன், ஆச்சரியமா போச்சு, எடுத்துக்கிச்சு! யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் குடுத்திருக்கற பட்டியல்) பதின்மான எண்ணுன்னு குறிச்சிருக்கற எந்த மொழி எண்ணையும் பைத்தான் படிக்குது. தமிழ் எண்ணையும் படிக்குமான்னு நம்ம ௧௨ போட்டேன், 12ன்னு சொல்லுது. உடனே ஆசைப்பட்டு பத்துன்னு ௰ போட்டேன், வேல்யூ எரர். அது இலக்கம் இல்ல, பத்துங்கறதுக்கான குறி, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ இருக்கற மாதிரி, இடமதிப்புல உக்காராது. கல்யாணப் பத்திரிகையில மட்டும் பாத்த எழுத்தெல்லாம் மெஷின் எப்படி பிரிச்சு வச்சிருக்குன்னு பாக்கறப்ப ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சு, கடைய மறந்துட்டு அரை மணி நேரம் விளையாடிக்கிட்டு இருந்தேன்.

சரின்னு பட்டியல மொத்தமா ஒட்டினேன். உளுந்து வந்துச்சு, பயறு வந்துச்சு, துவரையில வேல்யூ எரர். அந்த எண்ண கண்ணால பாத்தா ஒண்ணும் குறை இல்ல. திரும்ப நானே அதே எண்ண பர்மா கீபோர்டுல அடிச்சா ஓடுது, அவரு அனுப்பினத ஒட்டினா ஓடல. ரெண்டையும் மேலயும் கீழயும் வச்சுப் பாத்தேன், ஒரே மாதிரிதான் இருக்கு. முதல் நாள் வளைஞ்ச மேற்கோள் குறி ஞாபகம் வந்துச்சு, கண்ண நம்பக் கூடாதுன்னு. ஆர்ட்னு ஒண்ணு இருக்கு, ஒரு எழுத்தக் குடுத்தா அதோட யூனிகோடு எண்ணச் சொல்லும். ஒவ்வொரு எழுத்தா சுத்தி வரச் சொல்லி ஆர்ட் போட்டேன். என் சைபர் 4160. அவரு சைபர் 4125.

அவரு அடிச்சது சைபரே இல்ல, வ! பர்மா வ எழுத்தும் வட்டம், சைபரும் வட்டம், ரெண்டும் பாக்க ஒண்ணுதான். கீபோர்டுல எது கைக்குக் கிட்ட இருக்கோ அத தட்டிட்டுப் போயிடறாங்க, மனுசன் படிக்க ஒரு கஷ்டமும் இல்ல. அடுத்த வாரமே ஏழுலயும் இதே வந்துச்சு, ஏழும் ர எழுத்தும் ஒரு சாயல், ஏழு 4167, ர 4123. ரெண்டையும் ரிப்ளேஸ் போட்டு எண்ணா மாத்தினேன், எண்ணு வர்ற இடத்துல மட்டும், சாமான் பேர்ல வர்ற வ-வ சைபரா மாத்திடக் கூடாதுல்ல, அதையும் ஒரு தடவ பண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அதோட பழைய போன் வச்சிருக்கற ஒண்ணு ரெண்டு பேர் இன்னும் ஜோஜியிலதான் (பழைய பர்மா எழுத்துரு) அனுப்பறாங்க. 2019 அக்டோபர் 1ல இருந்து நாடே யூனிகோடுக்கு மாறணும்னு வச்சாங்க, பெரும்பாலும் மாறியாச்சு, ஆனா பழைய பழக்கம் போகல. தமிழ்ல முன்னாடி பாமினி எழுத்துரு, டிஸ்கின்னு ஆளாளுக்கு ஒண்ணு வச்சுக்கிட்டு அடுத்தவங்க ஃபைல் திறந்தா குப்பையா தெரியுமே, அதே பாடுதான். அதவிட சிக்கல் என்னன்னா ஜோஜியும் யூனிகோடோட அதே எண்களத்தான் எடுத்துக்கிச்சு, வேற அர்த்தத்துல. அதனால எது எதுன்னு மெஷினுக்கு எண்ணப் பாத்து சொல்ல முடியாது. நல்ல வேளை, இலக்கம் ரெண்டுலயும் ஒண்ணுதான், சாமான் பேர்தான் குழம்பும். அவங்களுக்கு மட்டும் கையாலதான் அடிக்கறேன், எல்லாத்தையும் கோடுல தீக்கணும்னு வீம்பு இல்ல.

நடுவுல சித்தப்பா பையன் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப் குடுத்தான், பேட்டரி அரை மணி நேரம் நிக்கும். போன்ல ஓடினது அங்க ஓடல, தமிழ்ப் பேர ஃபைல்ல எழுதப் போனா யூனிகோடு என்கோடு எரர். போன்ல ஃபைல தானா யூடிஎஃப் 8ல (யூனிகோடு எழுத்த ஃபைல்ல வைக்கிற ஒரு முறை) எழுதுது, விண்டோஸ் அதோட பழைய முறையில எழுதப் பாக்குது, அதுல தமிழுக்கு இடமே இல்ல. ஓப்பன்ல என்கோடிங் யூடிஎஃப் 8ன்னு நாமளே சொல்லிடணும். எக்செல்ல திறந்தா அப்பவும் தமிழ் கிறுக்கலா வந்துச்சு, யூடிஎஃப் 8க்குப் பின்னாடி சின்னக் கோடு (-) போட்டு சிக்னு சேத்து எழுதினா எக்செல் புரிஞ்சுக்குது. இதுல ஒரு சாயங்காலம் போச்சு, வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

அரிசி. பருப்புக்கு எழுதினதையே காப்பி பண்ணி வீசைன்னு இருந்த இடத்துல பியி, ஜத்தான்னு இருந்த இடத்துல பால் டின்னுன்னு பேர மட்டும் மாத்தினேன். காலையில 3 பியி 6 டின் வித்துச்சு, மத்தியானம் 2 பியி 5 டின். மொத்தம் 5 பியி 11 டின்னுன்னு காட்டுது. கடைப் பையன் எட்டிப் பாத்துட்டு, அக்கா பதினோரு டின்னு எந்த பியியிலக்கா கொள்ளும்னு சிரிக்கிறான். எல்லா இடத்துலயும் 100 அப்படியே கிடக்கு, 8 ஆக்கணும். மாத்தினா 6 பியி 3 டின், சரி. ஆனா மாத்த வேண்டிய இடம் ஏழு, நான் மாத்தினது ஆறு, ஏழாவது ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிடைச்சுது. ஃபங்ஷன்னு எல்லா பாடத்துலயும் மூணாவது நாளே சொல்றாங்க, அதுவரைக்கும் எதுக்குன்னே புரியாம தாண்டிப் போயிட்டிருந்தேன். இப்ப பிரிக்கிற கணக்கு ஒரே இடத்துல இருக்கு, எத்தனையால பிரிக்கணும்ங்கறத வெளியில இருந்து குடுக்கறேன், பருப்புக்கு 100, அரிசிக்கு 8. மூணு பக்கம் இருந்தது முக்கா பக்கம் ஆச்சு. ஒரே வரிய மூணு தடவ காப்பி பண்ணி ஒட்டுறீங்கன்னா அங்க ஃபங்ஷன் வேணும்னு அர்த்தம், இத யாராவது இப்படி சொல்லியிருந்தா எனக்கு அன்னைக்கே ஏறியிருக்கும்.

எத்தன நாள் ஆச்சுன்னு கேட்டா, முதல் வணக்கத்துல இருந்து அரிசி வரைக்கும் மூணு மாசம், தினம் முக்கா மணி நேரம் கூட இருக்காது. நடுவுல தைப்பூசத்துக்கு ஒரு வாரம் தொடவே இல்ல, திரும்ப திறந்தப்ப நான் எழுதினதே எனக்குப் புரியல, அன்னையில இருந்து ஒவ்வொரு துண்டுக்கும் மேல ஹேஷ் குறி (#) போட்டு தமிழ்ல ஒரு வரி எழுதி வச்சுக்கறேன், "இங்க கீழ இறக்கறோம், மாமா சொன்னது"ன்னு.

இப்ப கடன் கணக்குல நிக்கறேன். டிக்ஷனரின்னு ஒண்ணு, பேரக் குடுத்தா தொகையத் தரும், பேருதான் கீ. மாமா கடன் நோட்டுல யாருக்கும் பேரு கிடையாது, சைக்காக்காரரு (சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டறவரு), டீக்கடை அண்ணே, மூணாம் மாடி அக்கா, இப்படித்தான் இருக்கும். அதையே கீயா போட்டேன். நேத்து கூட்டிப் பாத்தா 12,500 இடிக்குது. மூணாம் மாடி அக்கா ரெண்டு பேரு இருக்காங்க, எதிர் கட்டடத்துல ஒருத்தங்க, இந்தப் பக்கம் ஒருத்தங்க. ஒரு கீ ஒரு தடவதான் இருக்கும், ரெண்டாவத போட்டதும் முதல் அக்கா கடன அழிச்சிட்டு உக்காந்துக்கிச்சு, எரரும் இல்ல ஒண்ணும் இல்ல. நோட்டுல ரெண்டு வரியும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கு, நீங்க எப்படி தெரிஞ்சுக்கறீங்கன்னு மாமாவக் கேட்டேன். "ஒருத்தங்க வெங்காயம் வாங்குவாங்க, இன்னொருத்தங்க வாங்க மாட்டாங்க, பக்கத்துல சாமானப் பாத்தாலே தெரியுமே"ங்கறாரு. வீட்டு நம்பர் வாங்கி கீயா வைக்கணும், வாங்கற வரைக்கும் இப்போதைக்கு மூணாம் மாடி அக்கா வெங்காயம், மூணாம் மாடி அக்கா வெங்காயம் இல்லன்னு ரெண்டு கீ ஓடிக்கிட்டிருக்கு.